கொரிய வகுப்பில் எனக்கு ஜோடி கிடைக்கவில்லை

எனக்குக் கொரிய மொழி மேல் எந்த ஆசையும் கிடையாது. வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதான். அபுதாபியில் ஒரு கொரியக் கட்டுமானக் கம்பெனியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஒருநாள் சொன்னார்: பல்கலைக்கழகத்தில் சாயங்கால வகுப்பு நடக்கிறது, முதல் நிலை பாஸ் செய்தால் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் கேபினில் உட்காரலாம். கேபினில் ஏசி உண்டு. மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

வகுப்பு முழுக்க அரபுப் பெண்கள். கொரிய டிவி நாடகங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் பாதி மொழி ஏற்கெனவே தெரியும். புத்தகத்தில் 'அப்படியா?' என்று இருந்தால் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி படிப்பார்கள். நான் ஒருவன்தான் ஆம்பளை. கடைசி வரிசையில் சுவரோடு உட்காருவேன்.

டீச்சர் கொரியக்காரம்மா. எதற்கெடுத்தாலும் "ஜோடியாகப் பேசுங்கள்" என்பார். என்னோடு எந்தப் பெண் ஜோடி சேரும்? அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் வீட்டு வழக்கம் அது. எனக்கும் அவர்கள் பக்கம் திரும்பப் பயம்தான். மூன்று மாதம் காலி நாற்காலியைப் பார்த்து, "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பரீட்சையும் ஜோடியாகத்தான் என்றார் டீச்சர். மார்க் போடுவது அவர் என்பதால் அவரும் என்னோடு பேச முடியாது. "வெளியாள் யாரையாவது கூட்டி வா" என்றார்.

என்னோடு சைட்டில் கம்பி கட்டுகிற, ரூமில் என் மேல்கட்டிலில் இருந்த ராமநாதபுரத்துப் பையனைப் பிடித்தேன். நான் கேட்பேன், அவன் பதில் சொல்ல வேண்டும். பதில்களை வரிசையாக மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

"வார லீவுல என்ன செய்வீங்கன்னு கேப்பேன். அம்மாவோட மியூசியம் போவேன்னு சொல்லணும்."

"எங்கம்மா ஊர்ல இருக்குண்ணே. மியூசியத்துக்கு எப்புடி வரும்?"

"புத்தகத்துல வரும்டா. சொல்லித் தொலை."

"அதுக்குப் பதிலா கறிக்கடைக்குன்னு சொன்னாலாவது போகும்."

பரீட்சை அன்று இஸ்திரி போட்ட சட்டை, சேஃப்டி ஷூவோடு வந்தான். பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான். நீச்சல் பிடிக்கும் என்றான். அம்மாவோடு மியூசியம் போனான். எல்லாம் ஒழுங்காகப் போனது.

டீச்சர் கையைத் தூக்கினார். "இப்போது மாற்றி. அவர் கேட்கட்டும், நீ பதில் சொல்."

இது ஏற்பாட்டிலேயே இல்லை. பயல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்தக் கோடையும் எனக்கு வெயிலில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

திடீரென்று அவன் முகம் எங்கள் கொரிய போர்மேன் முகம் மாதிரி ஆனது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொரிய மொழியில் கத்தினான்: "ஏய்! ஏன் நிக்கிற? சீக்கிரம்!"

சைட்டில் தினமும் கேட்கிற பேச்சு. கோபத்தில் எனக்கும் கொரிய மொழி தானாக வாயில் வந்தது. "கிரேன் வரல! நான் என்ன செய்ய?"

"ஏன் வரல?"

"டிரைவர் சாப்பிடப் போயிட்டான்!"

"போன் போடு!"

"போட்டேன்! எடுக்கல!"

"பைத்தியக்காரா! நீ போய்க் கூட்டி வா!"

"நீ போ!"

முன்வரிசையில் ஒரு பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். டீச்சர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.

"இது எந்தப் பாடம்?"

"சைட், மேடம்."

"இதில் பாதியை என்னிடம் பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன்" என்று சொல்லிவிட்டு பாஸ் போட்டார்.

கேபின் கிடைத்தது. ஏசிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாளே பயல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்து ஏசிக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"போடா, மேனேஜர் வருவாரு."

"வரட்டும்ணே. நாந்தானே உங்கள பாஸ் பண்ண வச்சேன்?"

மேனேஜரும் வந்தார். இவன் ஏன் இங்கே நிற்கிறான் என்று கொரிய மொழியில் கேட்டார். கையுறை எடுக்க வந்தான் என்றேன். அடுத்த நாள் ஆணி, அதற்கு அடுத்த நாள் கயிறு. அந்தக் கோடை முழுக்க நான் பேசிய கொரிய மொழியில் பெரும்பகுதி அவனுக்காகச் சொன்ன பொய்தான்.