ஒன்றே முக்கால் மணி நேரம்

கெல்சி பொறாமைப்பட்ட ஆள் உலகத்திலேயே ஒருத்திதான், பெரியப்பா கேரியின் மகள் டெஸ்ஸா. கெல்சியைவிட இரண்டே நாள் மூத்தவள். அவள் பிறந்தது டிசம்பர் முப்பது. இவள் பிறந்தது புத்தாண்டு தொடங்கி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து. அமெரிக்காவில், டிசம்பர் முடிவதற்குள் பிறந்த பிள்ளைக்காகப் பெற்றவருக்கு அந்த வருஷத்து வருமான வரியில் முழுச் சலுகை உண்டு. கேரிக்குக் கிடைத்தது, அவர் தம்பி, கெல்சியின் அப்பா ரஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் நன்றித் திருநாளன்று குடும்பமே கூடி வான்கோழி சாப்பிடும்போது ரஸ் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

“ஒன்னே முக்கா மணி நேரம்! கொஞ்சம் சீக்கிரம் வந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும் உனக்கு?”

எல்லோரும் சிரிப்பார்கள். கெல்சியும் சிரித்துத் தொலைப்பாள்.

பதினெட்டு வயதில் இரண்டு பேருக்கும் டொலீடோ நகரில் ஒரே கல்லூரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அரசு உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் பெற்றவர் வருமானத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆர்டர் செய்த பீட்சா வந்து சேர்வதற்குள் கேரி முடித்துக் கொடுத்துவிட்டார். கெல்சிக்குத் தாய் இல்லை. கூரை போடும் தொழில் செய்யும் ரஸ்ஸோ மடிக்கணினியை மூடிவைத்தார்.

“நான் என்ன சம்பாதிக்கிறேன்னு கவர்மெண்டுக்கு எதுக்கு?”

“அப்பா, காசு கேக்கலையே. கையெழுத்துதானே கேக்கறேன்.”

“எனக்கு யாரு போட்டா கையெழுத்து? நானா மேல வரலையா?”

கல்லூரி அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இருபத்துநாலு வயது ஆகும்வரை, அப்பன் மறுத்தாலும் நீ அப்பன் பிள்ளைதான், அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது. இல்லாவிட்டால் பட்டாளத்தில் சேர், அல்லது கல்யாணம் பண்ணிக்கொள்.

கெல்சி அதே கல்லூரியின் உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தாள். டெஸ்ஸா தட்டோடு வந்து நிற்பாள்.

“எங்கப்பா தெனமும் போன் பண்ணி உயிரை வாங்கறாரு, கெல்ஸ்!”

கெல்சிக்கு வயிறு எரியும். டெஸ்ஸாவின் தட்டில் சீஸ் ஒரு கரண்டி குறையும். நாலு வருஷமும் குறைந்தது.

“பேசாம என்னைக் கட்டிக்கோ. படிப்பும் ஆச்சு, சமைச்சுப் போட ஆளும் ஆச்சு” என்பார் சமையல்காரர் டுவேன். அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு வாரம் கெல்சி நிஜமாகவே யோசித்தாள்.

நாள் எண்ணிக் காத்திருந்தாள். இருபத்துநாலு ஆகும் கணக்கு வந்துவிட்டது என்று விண்ணப்பத்தைத் திறந்தால், அது மறுபடியும் அப்பாவைக் கேட்டது. அவள் பிறந்த அந்த ஜனவரி ஒன்றுக்கு ஒரு நாளாவது முன்னால் பிறந்திருக்க வேண்டுமாம். இன்னும் முழுசாக ஒரு வருஷம்! டெஸ்ஸாவாக இருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அவள்தான் எப்போதோ படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகிவிட்டாளே.

“அவளுக்கு எதுக்கு அந்த ரெண்டு நாள்?” கெல்சி வாய்விட்டே கத்தினாள்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பத்தைத் திறந்து, தன் பிறந்த தேதியைத் தட்டினாள். பெற்றோர் விவரம் கேட்கும் பக்கம் வரவே இல்லை. அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. உடனே அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“பாத்தியா? நான் இல்லாமலே நடந்துச்சா இல்லையா!” ரஸ்ஸின் குரலில் அப்படி ஒரு பெருமை.

கெல்சி போனை வைத்துவிட்டு விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை பார்த்தாள். எல்லா இடத்திலும் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. டெஸ்ஸாவின் விண்ணப்பத்தில் கேரியின் கையெழுத்து இருந்தது. அதை நினைத்தபோது வயிறு பழையபடியே எரிந்தது.