கழுத்தைத் திருப்பிய செவ்வாய்க்கிழமைகள்

சாவி ராவிக்கொண்டிருந்தேன். அரத்தின் ஓரத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தது. கண்ணில் இரும்புத் தூள் விழுந்துவிட்டது என்று நினைத்து, தொட்டித் தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவினேன். மினுக்கம் போகவில்லை. வளைந்து வளைந்து பெரிதாகி, கையில் இருந்த சாவியில் பாதியை மறைத்தது. கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. அது அடங்கியதும் இடது பொட்டில் வலி ஆரம்பித்தது.

பட்டறையில் விழுந்த சுத்தியல் அடி ஒவ்வொன்றும் தலைக்குள் விழுந்தது. மூன்று மணிக்கு வாந்தி எடுத்தேன். பித்த நீர்தான் வந்தது. அன்று கிருத்திகை. வயிற்றில் வேறு எதுவும் இல்லை.

இதை இப்போது எழுதத் தெரிகிறது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

நான் திண்டுக்கல்லில், நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பூட்டு வேலை பார்த்தவன். எட்டாவது வரை படித்தவன். பழநி முருகனைக் கும்பிடுகிற குடும்பம். எனக்கு இருந்த தலைவலி போன்ற ஒன்றோடு இருக்கிறவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதுவது என்றால், நான் சொல்லச் சொல்ல என் மனைவி பாக்கியம் எழுதுகிறாள். சில இடங்களில் அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த இடங்களையும் விடாமல் எழுதச் சொன்னேன்.

பூட்டு வேலையில் எனக்குக் கொடுத்திருந்தது லீவர் (சாவி திரும்பும்போது பூட்டுக்குள் தூக்கிக்கொள்ளும் தகடு) பொருத்துகிற வேலை. கண்ணுக்கு அதில் அதிகம் வேலை இல்லை. சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பினால், எந்த லீவர் தடுக்கிறது, எங்கே ஒரு மயிரளவு ராவ வேண்டும் என்று விரலே சொல்லிவிடும். எனக்கும் பாக்கியத்துக்கும் எங்கள் மகளுக்கும் சோறு போட்டது அந்த இரண்டு விரல்.

அப்பா காலமான வருஷம், அவர் இருந்துவந்த கிருத்திகை விரதத்தை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் குளித்துத் திருநீறு இட்டால், சாயங்காலம் விளக்கு ஏற்றும் வரை தண்ணீர் மட்டும்தான். டீ கூடக் கிடையாது. அதே வருஷம்தான் வலியும் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒரு டாக்டர் கண்ணாடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொருவர் மூக்கில் நீர் கோத்திருக்கிறது, பீனிசம் என்றார். சாம்பிராணி, நொச்சி எல்லாம் போட்டு முகத்தில் புகை பிடித்தேன். வலி அதன்பாட்டுக்கு வந்து போனது.

பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் சீனி அண்ணன். அவர்தான் சொன்னார்.

"அப்பு, நாளெல்லாம் குனிஞ்சே கெடக்கோம். கழுத்துல எலும்பு ஏதும் வெலகியிருக்கும். பினாங்குல இருந்து ஒருத்தர் வந்திருக்காராம்ல, செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம. மருந்து கெடையாது, ஊசி கெடையாது. கழுத்த ஒரு திருப்பு, அம்புட்டுத்தான்."

"கோழிக்குத் திருப்புற மாதிரியாண்ணே?"

"கோழி திரும்பி வராது. நீ வந்துருவ, போ."

நாகல் நகரில் ஒரு மாடி அறை. வாசலில் 'கைரோபிராக்டிக்' என்று பலகை, அதன் கீழே 'முதுகெலும்பைக் கையால் சீர்படுத்தும் வைத்தியம்' என்று சின்ன எழுத்து. உள்ளே ஒரு நீளப் பெஞ்சு, சுவரில் எலும்புக்கூடு படம். பினாங்குக்காரர் வெள்ளைச் சட்டையும் மெதுவான பேச்சுமாக இருந்தார். மல்லாக்கப் படுக்க வைத்தார். இரண்டு கையாலும் தலையை ஏந்திக்கொண்டார். குழந்தையைத் தூக்குவது போலத்தான் இருந்தது. பிறகு சட்டென்று ஒரு பக்கம்.

கழுத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். பூட்டு சரியாக அமைந்துவிட்டது என்பதை எங்களுக்குச் சொல்வது சத்தம்தான். சாவி திரும்பி, லீவர் எல்லாம் ஒன்றாக விழும்போது வருமே, அந்தச் சத்தத்துக்காகத்தான் நாளெல்லாம் குனிந்து கிடக்கிறோம். அதே சத்தம் என் கழுத்தில் கேட்டபோது, இனி ஒருவரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்று நம்பிவிட்டேன். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் கொஞ்சமாவது பயந்திருப்பான்.

அன்று கழுத்து லேசாக இருந்தது உண்மை. அங்கே வந்த ஒரு டிரைவருக்கு முதுகுப் பிடிப்பு விட்டதையும் என் கண்ணால் பார்த்தேன். இல்லாததைச் சொல்ல விரும்பவில்லை.

அவர் ஒரு நிபந்தனை சொன்னார். "வெறும் வயித்தோட வாங்க. வயிறு காலியா இருந்தாத்தான் உடம்பு எளகும்."

எனக்குப் புல்லரித்தது. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு உகந்த நாள். வைத்தியமும் அன்றுதான், பட்டினியும் அன்றுதான். அவனே அனுப்பிய ஆள் என்று எடுத்துக்கொண்டேன். தலைவலி தீர்ந்தால் பழநிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, செவ்வாய் விரதம் ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்துச் சஷ்டியையும் சேர்த்தேன்.

மாதம் ஒரு முறை வந்த வலி வாரம் ஒரு முறை வர ஆரம்பித்தது. காலையில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வந்தால் மத்தியானம் மினுக்கம் வரும். பினாங்குக்காரரிடம் சொன்னேன்.

"அது நல்ல வலி. எலும்பு தன் எடத்துக்குத் திரும்புற வலி. விட்றாதீங்க."

விடவில்லை. ஏழு மாதம் போனேன்.

ஒரு செவ்வாய் மத்தியானம் இருட்டறையில் படுத்துக் கிடந்தபோது, பாக்கியம் தட்டில் இரண்டு இட்லியோடு வந்து உட்கார்ந்தாள்.

"பட்டினி கெடந்தா வலிக்காம என்ன செய்யும்? இத மட்டும் தின்னுட்டுச் செத்த நேரம் படுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"முருகன் சோதிக்கிறான். ஒனக்கென்னத்தா தெரியும்? நீயும் சேந்து சோதிக்காத" என்று சொல்லிக் கையால் தட்டைத் தள்ளினேன். இட்லி தரையில் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. விரத நாட்களில் அவளும் அடுப்படியில் நின்றுகொண்டே எதையோ வாயில் போட்டுக்கொண்டு வருவாள்.

(இதை எழுதும்போதுதான் அவள் பேனாவை நிறுத்தினாள்.)

கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வலி வந்துவிட்டது. மாடிப்படியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். "நல்லா ஒரு தடவ திருப்பி விட்ருங்கய்யா, தாங்க முடியல" என்று நானே கெஞ்சினேன். வழக்கத்தை விடப் பலமாகத் திருப்பினார்.

சத்தம் வேறு மாதிரி வந்தது. பூட்டுக்குள் லீவர் ஒடிந்தால் ஒரு மந்தச் சத்தம் வரும். அதைக் கேட்டதும் கை தானாகச் சாவியை விட்டுவிடும். அந்தச் சத்தம்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர், "இன்னைக்குத்தான் முழுசா விழுந்துச்சு" என்றார். நான் தலையாட்டினேன். தலையை ஆட்டும்போதே தோளிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு கம்பியை உருவியது போல இழுத்தது.

மறுநாள் பட்டறையில் சாவியைப் பிடித்தேன். பிடித்திருக்கிறேன் என்று கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருந்தது. நான் பொருத்திய மூன்று பூட்டைச் சீனி அண்ணன் திருப்பிப் பார்த்தார். மூன்றும் திக்கின. மூன்றையும் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். எப்போதும் கேலி பேசுகிறவர் அன்று பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இரண்டு வாரம் பொறுத்துப் பினாங்குக்காரரிடம் போனேன். விரலை நீட்டிக் காட்டினேன்.

"திருப்பும்போது நீங்க அசைஞ்சிருப்பீங்க" என்றார். அம்புட்டுத்தான். சில மாதத்தில் பலகையும் போய்விட்டது.

மதுரையில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஸ்கேன் என்றால் மெட்ராஸ் போக வேண்டும், அதற்கு முன் இதைப் பார்க்கலாம் என்று மைலோகிராம் (முதுகில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் (மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். மூன்று வாரம் டிராக்‌ஷன் (தாடையில் பட்டை மாட்டி, எடை தொங்கவிட்டுக் கழுத்தை இழுப்பது) போட்டார்கள். கையில் இழுக்கிற வலி குறைந்தது. மரத்துப்போனது குறையவில்லை.

"எதுக்குங்க கழுத்தைக் கொண்டுபோய்க் குடுத்தீங்க?" என்று கேட்டார். தலைவலி கதையைச் சொன்னேன். மினுக்கம், ஒரு பக்க வலி, வாந்தி என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "இது மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி). கழுத்துல இருந்து வரல. வரும்போது கழுத்தையும் புடிக்கும், அதனால கழுத்துதான் காரணம்னு தோணும்" என்றார். வலி வருகிற நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஒன்றரை மாதம் கழித்து வரச் சொன்னார்.

எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. பாக்கியம்தான் குறித்தாள். நோட்டு எதற்கு என்று, வலி வந்த நாளின் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி, நூலில் கோத்து வைத்தாள். அந்த ஒன்றரை மாதமும் நான் விரதத்தை விடவில்லை. விரலுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டு இன்னும் உறுதியாக இருந்தேன்.

டாக்டரம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மத்தியானம் ஒரு மணி. பன்னிரண்டரை. இரண்டு மணி. பிறகு எதற்கோ ஒரு தாளைத் திருப்பி முன்பக்கம் பார்த்தார். அடுத்ததையும் திருப்பினார். ஒன்பது தாளையும் மேசையில் முன்பக்கம் தெரியப் பரப்பினார். ஆறு செவ்வாய். ஒரு கிருத்திகை. ஒரு சஷ்டி. ஒரு அமாவாசை.

"இந்த நாள்லயெல்லாம் என்ன செய்வீங்க?"

"விரதம்ங்கம்மா. அமாவாசைக்கு மட்டும் காக்காய்க்கு வச்சிட்டுச் சாப்பிடுறது."

"அதுவரைக்கும்?"

"தண்ணி."

"டீ?"

"கெடையாதுங்க."

"மத்த நாள்ல எத்தன டீ குடிப்பீங்க?"

"பட்டறையில அஞ்சாறு ஆயிரும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "பட்டினியும் டீ நிக்கிறதும் சேர்ந்தா இந்தத் தலைவலிக்காரங்களுக்கு வலி வந்துரும். சாமி கும்பிடுங்க, யாரும் வேணாங்கல. வயித்தக் காயப்போடாதீங்க" என்றார். ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நான் பாக்கியத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் செவ்வாய் என்றோ விரத நாள் என்றோ அச்சடித்தே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் பட்டினி கிடந்தேன். அதன் முதுகில்தான் அவள் வலியை எழுதியிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அந்த இட்லித் தட்டைச் சொல்வாள் என்று. சின்னாளப்பட்டி வந்தது. பஸ் நின்றதும் ஜன்னல் வழியாக இரண்டு வாழைப்பழம் வாங்கினாள்.

"மணி ரெண்டாகப் போகுது. தின்னுங்க" என்றாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. தின்றேன்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தலைவலி மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. வெயிலில் அலைந்தால் எப்போதாவது வரும், மாத்திரைக்கு அடங்கும். விரல் வரவில்லை. இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பட்டறையில் என் இடத்தில் வேறு ஆள். நான் முன்பக்கம் உட்கார்ந்து, முடிந்த பூட்டுக்கு எண்ணெய் விட்டு அட்டைப் பெட்டியில் போடுகிறேன். பக்கத்தில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் இப்போதும் கழுத்து கூசுகிறது.

கழுத்தில் கை வைக்க விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த நாளில் வலிக்கிறது என்று முதலில் கேட்காதவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால், வீட்டில் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். பினாங்குக்காரர் மேல் எனக்கு இருக்கிற கசப்பு பாதிதான். மீதி என் மேல். முருகன் என்னிடம் பட்டினி கேட்டதில்லை. நானாகக் கொடுத்தேன், கொடுத்ததற்குக் கூலியும் கேட்டேன்.

முன்பெல்லாம் என் நாட்கள் கிருத்திகை, சஷ்டி என்று போகும். இப்போது எனக்கு மணிதான் உண்டு. ஏழரைக்கு இட்லி, பதினொன்றுக்கு டீ, ஒன்றுக்குச் சோறு, நாலுக்கு ஏதாவது ஒரு கடி. செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு முருகன் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஒளித்துச் சாப்பிட மனம் வரவில்லை. முதல் வாயை எடுக்கும்போது இன்னும் ஒரு தரம் படத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் திருநீறு இட்டுக்கொள்வேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டுக்குள் போவதைப் பார்க்கிறேன். சாம்பலைத் தொட்டதா என்று அவற்றுக்குத் தெரிவதில்லை. நெற்றியில் இழுத்துவிட்டுத் திரும்பினால் பாக்கியம் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்:

"மறுக்கா எடுங்க. வெறுங்கையத்தான் இழுத்திருக்கீங்க."