கடலில் கொடுத்த குரல்

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கப்பல் டிக்கெட்டை எடுத்த பிறகுதான் மகள் எங்களிடம் சொன்னாள். சென்னையில் ஏறி, விசாகப்பட்டினம் போய், திரும்பும் வழியில் புதுச்சேரியையும் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். ஜவ்வாது மலையில் புளி உலுக்குகிற இரண்டு பேருக்குக் கடலில் என்ன வேலை என்று கத்தினேன். அதுவும் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை முற்றி, பகலிலேயே ஆள் நிழலாகத்தான் தெரியும். அவருக்குப் போய்க் கடலைக் காட்டப் போகிறாளாம்! அவரோ, "நீ பாத்து சொல்லு, போதும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

எங்கள் மலையில் பனிமூட்டத்தில் நடக்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஒருவர் நின்ற இடத்தில் நின்று 'கூ' என்று குரல் கொடுப்பார். மற்றவர் 'கூ' என்று பதில் கொடுத்தபடி அந்தக் குரலைப் பார்த்து நடந்து வருவார். ஒரு குரலுக்கு ஒரு பதில்தான். இரண்டு பக்கமிருந்து கேட்டால், கூப்பிட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நடக்கிறவர் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் விளக்கியதில்லை. நெல்லிவாசல் பக்கம் ஒருவர் உட்காராமல் நடந்து போய்விட்டார் என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தின் வாயிலேயே ஒரு மலை நின்றது. சொன்னேன். "இன்னாமே சொல்ற, கடலாண்ட மலையா?" என்று குழந்தை மாதிரி குதித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு 'கூ' என்றார். மலை திருப்பிச் சொன்னது. எனக்கும் ஆசை விடவில்லை, நானும் கொடுத்தேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, எங்கள் ஊருக்கு அவர்கள் வந்தால் நாங்கள் சிரிக்க மாட்டோமா?

சாயங்காலம் கப்பல் புறப்பட்டு, மலை கண்ணுக்கு மறைந்த பிறகு, பின்னாலிருந்து ஒரு 'கூ' கேட்டது. நாங்கள் இரண்டு பேருமே கூப்பிடவில்லை. "மல வழியனுப்புது" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு, ஆட்களைச் சின்னப் படகில் இறக்குவார்கள். அன்று விடிந்தும் விடியாமலும் கடல் முழுக்கப் பனி. முகம் கழுவிவிட்டு வந்தால் அறையில் அவர் இல்லை. டீ வாசனை பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார் என்று திட்டிக்கொண்டே வெளியே போனேன். நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. கப்பல் என்பதே மறந்துபோய், பழக்க தோஷத்தில் 'கூ' என்று கொடுத்தேன்.

இடது பக்கமிருந்து பதில் வந்தது. போன உயிர் திரும்பியது. இன்னொரு முறை கொடுத்தேன்.

இந்த முறை இரண்டு பதில்கள். ஒன்று அதே இடது பக்கம். இன்னொன்று வலது பக்கம். வலது பக்கம் கம்பியும், கம்பிக்கு அப்பால் தண்ணீரும்தான் உண்டு. இரண்டுமே அவர் குரல்.

கப்பல் ஊழியர் ஒருவர் ஓடிவந்து, "யாராச்சும் தண்ணில வுழுந்துட்டாங்களா?" என்றார். கண் தெரியாத மனுஷன், காணவில்லை என்றேன். "அப்ப நிறுத்தாதீங்கம்மா, கூப்டுங்க. சத்தத்த வெச்சி வந்துடுவாரு."

நியாயமான பேச்சுதான். கூப்பிடச் சொல்லி என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. ஆனால் நான் கூப்பிட்டால் அவர் நடப்பார். அவர் காதுக்கு நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ? முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஊழியர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அவரே தேடப் போனார். வாயை மூடியே புருஷனைக் கொல்கிறேனோ என்று நினைத்தும் முந்தானையை விடவில்லை.

பனி கொஞ்சம் விலகியது. படகுக்கு ஏணி இறக்குவதற்காகக் கம்பித் தடுப்பை ஓரிடத்தில் திறந்து, குறுக்கே வெறும் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு முன்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் நீயே கூப்ட்ட. அதான் குந்திக்கினேன்" என்றார்.

ஓடிப்போய் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு அழுதேன். "பனில அப்டித்தாம்மா, சத்தம் எங்கனா பட்டுத் திரும்பும்" என்று ஊழியர் சமாதானம் சொன்னார். நம்பிக்கொள்ள எனக்கும் ஆசைதான். சுற்றிலும் பார்த்தேன். சத்தம் பட்டுத் திரும்ப அங்கே ஒரு படகுகூட இல்லை.

அறைக்குத் திரும்பும்போது அவர் கேட்டார். "நான் குந்துன பெறகும் ஏமே வுடாம கூப்ட்டுக்கினே இருந்த?"

என் முந்தானை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புதுச்சேரியில் நாங்கள் இறங்கவே இல்லை.

இப்போது ஆபரேஷன் முடிந்து அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் பனி நாளில் நாங்கள் குரல் கொடுப்பதில்லை, கை பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். இந்த வயதில் புதுக் கல்யாண ஜோடி என்று ஊரே கேலி செய்கிறது. போன மார்கழியில் அப்படித்தான் புளியமரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கீழே பள்ளத்திலிருந்து 'கூ' என்று கேட்டது.

"கூப்ட்டியாமே?" என்றார், என் கையைப் பிடித்தபடியே.

"இல்லீங்க" என்றேன்.

இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.