ஹோமத்து வரட்டி

வீட்டிலிருந்து யாரும் வெளியே போகாமல் வாழ முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கொத்தமல்லி விதைத்தேன்.

மகள் அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். கல்லூரிக்குப் போகும்போது, எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் திருப்பத்தில், தண்ணீர் லாரி ஒன்று அவள் ஸ்கூட்டரை இடித்துவிட்டிருந்தது. காலுக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். கூடியது. எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். தொட்டால் தெரியும், வலிக்காது.

ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருப்பது இரண்டாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி. மனைவி பள்ளிக்குக் கிளம்பியபின் நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பேன். எதற்கெல்லாம் நாங்கள் தெருவில் இறங்குகிறோம் என்று யோசித்தேன். கீரை, தக்காளி, புதினா, கொத்தமல்லி. இவையெல்லாம் மேலேயே விளைந்தால் அந்தத் திருப்பத்தைத் தாண்ட வேண்டிய காரணங்கள் குறையும். கேட்டவர்களிடம் மருந்தடிக்காத காய்கறி சாப்பிட ஆசை என்றேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

பெரிய செலவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் தூக்கிப்போட்ட பெயின்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டேன். அரிசிச் சாக்குகளை வாய் மடித்து நிறுத்தினேன். தெரு பெருக்கும் அம்மா உதிர்ந்த இலைகளை மூட்டையாகவே கொடுத்துவிட்டார், எரிக்கிற வேலை மிச்சம் என்று. ஒரு டிரம்மில் காய்த்தோல் ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு என்று போட்டுவந்தேன். முதலில் நாறியது. இலையைக் கூட்டியதும் அடங்கி, நாளடைவில் கறுத்து, மழை பெய்த மண் போல மணத்தது. அழுகிய தக்காளியை மண்ணில் பிசைந்துவிட்டேன், முளைத்தது. அரிசி கழுவிய நீரை ஊற்றினேன், கீரை வந்தது. வந்ததைப் பறித்து ஆய்ந்தேன். சந்தோஷம் என்று எதுவும் இல்லை. வேலை இருந்தது, செய்தேன்.

படி ஏற முடிந்ததும் மகள் மேலே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.

“அடுத்தது என்னப்பா, நெல்லு போடப் போறியா?”

நான் உண்மையிலேயே அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

குளிர் தொடங்கியபோது அவரைக் கொடிகள் வெளுத்துப்போயின. இலை மஞ்சளாகி, பூ வைக்கவே இல்லை. ஜீவாமிர்தம் ஊற்றினால் தேறும் என்று படித்தேன். நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், கடலைமாவு, ஒரு பிடி மண், எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைப்பது. கோமியம் பாட்டிலில் வந்தது. சாணத்துக்குத் தேடியபோது வரட்டி கிடைத்தது. அழகான பெட்டியில், வீட்டு வாசலுக்கே. உடைத்து, இன்னொரு டிரம்மில் ஊறவைத்துக் கரைத்தேன். காலையும் மாலையும் கம்பால் கலக்கினேன். புளிக்கவில்லை. அழுகியது.

முதலில் வந்தது கீழ்வீட்டு ஓனரம்மா. கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். மேலே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். மகள் எழுந்து வந்து டிரம்மை எட்டிப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பெட்டியை எடுத்துப் படித்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

“அப்பா, இது ஹோமத்துல எரிக்கிறது. காஞ்சு கட்டையானதுல என்னப்பா உயிர் இருக்கும்? பச்சைச் சாணி வேணும்.”

வேறு எங்காவது கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று போனை எடுத்தேன்.

“மெயின் ரோடு தாண்டுனா சந்துல மாடு கட்டியிருக்காங்க. நான் போய் எடுத்துட்டு வர்றேன்.”

“நான் போறேம்மா.”

“நீயே போனா, நான் எப்பப்பா போறது?”

ஓனரம்மா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். மகள் காலியாக இருந்த பெயின்ட் வாளியை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள்.

மாடியிலிருந்து பார்த்தேன். கால் லேசாக இழுத்தது. படிக்கட்டின் கீழே உறை போட்டு மூடியிருந்த ஸ்கூட்டரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பம் வந்ததும் நின்றாள். ஓர் ஆட்டோ மறைத்தது. ஆட்டோ போனபோதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். பிறகு ஒரு பஸ். பஸ் போனபின் அந்த இடத்தில் யாரும் இல்லை.

டிரம்மில் இருந்ததை இலைமூட்டையில் கொட்டி மூடினேன். டிரம்மைக் கழுவினேன். வெல்லத்தை உடைத்தேன். மாவு எடுத்து வைத்தேன். டிரம்மை மறுபடி கழுவினேன். கைகள் செய்தன, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனரம்மா கீழே போகாமல் தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். “பர்த்தாளே பிடி சார்,” என்றார் ஒரு தடவை. வந்துவிடுவாள் விடுங்கள் என்று, கன்னடத்தில்.

வந்தாள். முகமெல்லாம் வேர்வை. பேன்ட்டில் சாணம்.

“மாட்டுக்காரர் காசு வாங்கலப்பா. அவரைக்கா காச்சா ஒரு பிடி குடுன்னாரு. உன் கொடி வெளுத்துக் கெடக்குறத நான் சொல்லல.” வாளியை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள். “அந்தத் திருப்பத்துல கொஞ்சம் நின்னுட்டேன்.”

“பார்த்தேன்.”

சாணத்தை டிரம்மில் போட்டுக் கையாலேயே கரைத்தேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது. முழங்கை வரை அது தெரிந்தது.

“இது எவ்ளோ நாளைக்கு வரும்?” என்று கேட்டாள்.

ரொம்ப நாள் வரும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

“வெச்சிருந்தா கெட்டுடும். ஒவ்வொரு தடவையும் புதுசா வேணும்.”

“அப்ப நான்தான் போவேன்.”

சரி என்றேன். கையை வெளியே எடுக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தேன்.