வலைக்குக் கீழே விரித்த ஜமுக்காளம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறேன். கப்பல் ஏணிக்கு அடியில் வலை கட்டியிருந்தால் தைரியமாக ஏறுவோம். அந்தப் பழக்கத்தில்தான், மலைக்குச் சுற்றுலா போனபோது, வறண்ட ஓடைக்குக் குறுக்கே கட்டியிருந்த இரும்பு வலைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்தேன்.

"ஏளா, இங்கன உக்காரு. கல்லு உருண்டாலும் வலை தாங்கிரும்" என்றேன் மனைவியிடம்.

"மலை மேல மேகம் கறுத்துக் கெடக்கு. நல்ல எடம்னா ஏன் ஒருத்தரும் இங்கன உக்காரல?" என்றவள், சோற்றுத் தூக்கோடு மேட்டில் ஏறினாள். முணுமுணுத்துக்கொண்டே நானும் போனேன்.

கால் மணி நேரத்தில் சேறும் பாறையும் சேர்ந்து இறங்கின. பாறைகளை வலை பிடித்துக்கொண்டது. சேறு வலைக்கண் வழியே பாய்ந்து ஜமுக்காளத்தை மூடியது. எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தயிர்ச்சோற்றை ருசி தெரியாமல் தின்று முடித்தேன்.

இப்போதெல்லாம் வலையைக் கண்டால், இங்கே ஏதோ விழும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள் என்று விலகிப்போகிறேன். கப்பல் ஏணியில்கூடக் கைப்பிடியை விடுவதில்லை.