இரண்டு கதவு டகோட்டா

பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது ஆரோக்கியசாமி கோயில் வாசலில் குனிந்து நிற்பார், கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டு. "பிரிசில்லா, உன் வலது செருப்பு கொஞ்சம் வெளுப்பும்மா. கடைக்காரன் ஜோடி மாத்திக் குடுத்துட்டான்." புதுச் செருப்பு. அந்தப் பெண் அதன்பிறகு அதைப் போடவே இல்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடமாக இதுதான் அவர் வேலை. இடதும் வலதும் நிறத்திலும் தோல் சுருக்கத்திலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது. வீட்டிலும் விடமாட்டார். தட்டில் இரண்டு இட்லியும் ஒரே அளவில் இல்லையென்றால் பெரியதைக் கிள்ளிச் சின்னதன்மேல் வைத்து அழுத்துவார்.

மாமனார் பகையானதும் இப்படித்தான். தொண்ணூற்றெட்டில் மச்சினி கல்யாணம். மகளைக் கைப்பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப்போன ஞானமுத்துவைப் பாதி வழியில் நிறுத்தி, "மாமா, ரெண்டு ஷூவும் வேற வேற ஜோடி" என்றார். கோயிலே சிரித்தது. விமானப்படையில் டகோட்டா என்ற சரக்கு விமானத்திலிருந்து மலைமுகாம்களுக்கு அரிசி மூட்டை தள்ளிய மனிதர் ஞானமுத்து. அன்றோடு மருமகனிடம் பேச்சை நிறுத்தினார். எதிரில் உட்கார்ந்திருந்தாலும், "ரோஸ், உன் வீட்டுக்காரர ஃபேனப் போடச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான். ஆறு வருடம்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் ரோஸின் தோழி, தன் பிள்ளைகள் ஆடி முடித்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒரு பை நிறைய அனுப்பினாள். ஒன்றன்மேல் ஒன்று டிக்கென்று மாட்டிக்கொள்ளும் கட்டைகள். ஆரோக்கியசாமிக்கு வழி பிறந்தது: மாமாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு டகோட்டா.

மாதிரிக்கு இருந்தது ஒரே புகைப்படம். விமானத்தின் இடப்பக்கம், அதில் அகலமான சரக்குக் கதவு, கதவில் கால் தொங்கப் போட்டு இளம் ஞானமுத்து.

"அந்தாண்ட பக்கம் எப்டி இருக்கும்னு தெரியலியே?" என்றாள் ரோஸ்.

"இன்னா கேள்வி இது? லெஃப்ட் சாம்பிள் கைல இருக்குது. அதப் பாத்து ரைட்டு போட்டுக்க வேண்டியதுதான்."

நான்கு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு கட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்துத்தான் மாட்டினார். சாம்பல் கட்டை தீர்ந்து மஞ்சளுக்குப் போனபோது, இடது இறக்கையில் எந்த இடத்தில் மஞ்சளோ வலதிலும் அதே இடத்தில் மஞ்சள்.

பிறந்தநாளன்று ஞானமுத்து கேக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. விமானத்தைச் சுற்றி வந்தார். மூக்கைத் தொட்டார். இடப்பக்கக் கதவருகே விரல் வெகுநேரம் நின்றது. பிறகு வலப்பக்கம் வந்தார்.

"மாப்ள, இன்னா இது? இந்தப் பக்கம் ஏது கதவு?"

ரோஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மாப்ள என்றா சொன்னார்?

"டகோட்டாவுக்குப் பெரிய கதவு லெஃப்ட்ல மட்டும்தான்யா! ரெண்டு பக்கமும் தொறந்து வச்சா, நான் மூட்டைய இப்டித் தள்றப்ப பின்னாடியே அப்டி விழுந்துடுவேன்!"

"அழகுக்கு வச்சிருப்பாருப்பா" என்றாள் ரோஸ்.

"அழகா? இது ஏரோப்ளேனா, செருப்பா? மாப்ள, அந்தக் கதவ எடுத்துட்டு அடைங்க. அப்பதான் கேக்கு வெட்டுவேன்."

ஆரோக்கியசாமி விமானத்தின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லன்னா, பேஜாரா இருக்குமே மாமா..."

"அடைங்கன்றேன்."

கதவைப் பிடுங்கினார். ஓட்டையில் ஒவ்வொரு கட்டையாக வைத்தார். கடைசிக் கட்டை வந்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவி இடம் கண்டுபிடித்து, அழுத்தினார்.