தலைக்குச் சவ்வாது

சவ்வாது என்ற சொல்லே எனக்கு இப்போதும் ஆகாது. போன மாதம் ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டு வாசலில், தாம்பாளத்தில் சந்தனத்தோடு சவ்வாதும் வைத்திருந்தார்கள். எல்லாரும் தொட்டுப் பூசிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் தேள் கொட்டியவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் ஒவ்வாமை என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்கு ஹட்டனில் புடவைக் கடையில் வேலை. எங்கள் வீட்டில் யாரும் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் இல்லை என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையால் எனக்குத் தோட்டத்துப் பேச்சு பாதி தெரியாமலே போயிற்று. நீண்ட விடுமுறை வந்தால் மட்டும் என்னைப் பொகவந்தலாவைப் பக்கம் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

பெரியப்பா முப்பது வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தவர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தை உருட்டி அரைக்கிற மிஷின்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று, ஓய்வு வாங்கி வெளியே வரும்போது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். சத்தம் கேட்கும், பேச்சுப் புரியாது. “மழை வருது” என்றால், “மாமா எங்க வந்தாரு?” என்று வாசலைப் பார்ப்பார். வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் பொழுதுபோக்கு.

காது கேளாதவரோடு பேசுவதில் எல்லார் வீட்டிலும் ஒரு பழக்கம் வந்துவிடும். பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றைச் சொல்வது. கத்திக் கத்தித் தொண்டை நோவதால், நல்லதாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கிக் காதுக்குள் கத்திவிட்டுப் போய்விடுவோம். அதில் ஒரு குற்றமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன்.

பெரியப்பாவின் ஒரே மகள், எங்கள் அக்கா, அந்த வருஷம் ஒரு அரபு நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கொழுந்து பறிக்க மட்டும் மாட்டேன் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அதைச் சீவி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவளோடு யாரும் பேசக்கூடாது. ஞாயிறு பின்னேரம் பெரியம்மாவோடு இரண்டு நிமிஷம் பேசுவாள், அதுவும் அந்த வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போது, நலம் விசாரிப்பதோடு சரி. மற்றபடி, பெரியம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கிற பகல் நேரத்தில் பெரியப்பாவின் போனுக்கு வொய்ஸ் அனுப்புவாள். அதை அவர் காதில் ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டு, தானும் ஒன்று பேசி அனுப்புவார்: “சரிம்மா, ரொம்ப சந்தோசம்.” தன் காது இந்த அளவுக்குப் போய்விட்டதை மகளுக்கு அவர் சொல்லவேயில்லை. காதுக்கு மிஷின் வாங்கியாயிற்று, எல்லாம் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்.

மிஷின் வாங்கியது உண்மைதான், கேட்கவில்லை. அதைக் கொடுத்த இடத்தில் இருந்த சிங்கள மிஸ், “காது வேல செய்யுது ஐயா. பேச்சு எப்பிடின்னு மூள மறந்து போச்சு. மூளைக்கு பாடம் நடத்தணும்” என்றாராம். பெரியப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! காதுக்கு வைத்தியம் கேட்டால் மூளையைக் குறை சொல்கிறாளே என்று நானுஓயா வரைக்கும் பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்ததாகப் பெரியம்மா சொன்னார். அந்த மிஸ் போனில் ஒரு விளையாட்டையும் போட்டுக் கொடுத்திருந்தார். சந்தை இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் குரல் சொல் சொல்லும், சரியான படத்தைத் தொட வேண்டும். அந்தக் குரல் பேசிய சுத்தத் தமிழ் பெரியப்பாவுக்கு ஒத்துவரவில்லை. “இவ எந்த ஊரு பாஷ பேசுறா?” என்று இரண்டே நாளில் மூடி வைத்துவிட்டார்.

மிஸ் இன்னொரு வழியும் சொல்லியிருந்தார். வீட்டில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து, வாய் தெரியாமல், ஒலியில் கிட்டத்தட்ட இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ரேடியோ ஓட வேண்டும். கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு வந்த என்னைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை வாய்விட்டே சொன்னார்: “எம்மக பேசுறத யாருகிட்டயும் கேக்காம நானே வெளங்கிக்கணும் பாப்பா. அது போதும்.”

நான் இதற்கென்று ஒரு நோட்டுக் கொப்பி போட்டேன். பகலில் ரேடியோவைத் திறந்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து, கொப்பியால் வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்தினேன். கல்லு, பல்லு. மாமி, சாமி. சரியாகச் சொன்னால் ஒரு சரி அடையாளம், பிழைவிட்டால் ஒரு பெருக்கல் அடையாளம். எங்கள் டீச்சர் என்னிடம் காட்டிய கண்டிப்பை எல்லாம் வட்டியோடு பெரியப்பாவிடம் காட்டினேன். அவரும் காதைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிக்குங்க டீச்சர்” என்பார்.

நான் வந்த முதல் வாரம் அக்காவிடமிருந்து ஒரு வொய்ஸ் வந்தது. போனைப் பெரியப்பா காதில் வைத்திருக்க, நான் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன். அக்காவின் குரல் சத்தமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

“அப்பா, நல்லா இருக்கேன். மூணு மாடி வீடுப்பா. சாப்பாடு அரப்பேருதான். போன கெழம தலைக்கு கவ்வாத்துப்பா. மலையில எனக்கு பேரு பதிஞ்சிருங்க. சரியாப்பா?”

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வழக்கப்படி பொறுக்கியெடுத்துக் கத்தினேன்: “நல்லா இருக்காங்களாம்! மூணு மாடி வீடாம்!” மீதியை எதற்குச் சொல்வது? அரப்பேர் என்பது அந்த அரபு நாட்டுச் சாப்பாடு என்று நினைத்தேன். மலையில் பேர் பதிப்பதென்றால், நல்லதண்ணியில் மலையேறப் போகிறவர்கள் பாறையில் பேர் கீறிவிட்டு வருவதைத்தான் அக்கா கேட்கிறாள் என்று நினைத்தேன். கவ்வாத்து எனக்குத் தெரியாத சொல். அதற்குள் பெரியப்பாவே முகமெல்லாம் சிரிப்பாக, “தலைக்கு சவ்வாதுன்றாளா?” என்று கேட்டார்.

எனக்குக் கேட்டது கவ்வாத்து. ஆனால் சவ்வாது எனக்குத் தெரிந்த சொல், வாசனையான சொல், பெரியவர் சொன்ன சொல். தலையை ஆட்டிவிட்டேன்.

“சரிம்மா, ரொம்ப சந்தோசம்” என்று அவர் பேசி அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. கோயிலில், கடை வாசலில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், பார்த்தவர்களிடமெல்லாம், “எம்மகளுக்கு அந்த வீட்டுல தலைக்கு சவ்வாது பூசுறாங்க” என்று சொல்லி மாய்ந்து போனார். மகளைப் போல வைத்திருக்கிறார்களாம் என்று சனமும் வாயைப் பிளந்தது. பிறகும் நாலைந்து வொய்ஸ் வந்தன. எல்லாவற்றிலும் அந்த மலையில் பேர் பதிகிற பேச்சு இருந்தது. எல்லாவற்றுக்கும் சரிம்மா, சந்தோசம் என்றே பதில் போயிற்று.

பாடம் மட்டும் நிற்கவில்லை. பெரியப்பாவுக்கு ‘ச’ என்ற எழுத்து காதில் விழுவதே கிடையாது. அதனால் சொல்லின் முன்பக்கம் பிடிபடாத இடத்திலெல்லாம் தானாக ஒரு ‘ச’வைப் போட்டுக்கொள்வார் என்பதை நான் கண்டுபிடித்தேன். கட்டை என்றாலும் சட்டை, கூடு என்றாலும் சூடு. பக்கம் பக்கமாகப் பெருக்கல் போட்டேன். ஒரு மாதம் விடாமல் கங்கு, சங்கு, கொட்டு, சொட்டு என்று உயிரை வாங்கினேன். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி கேட்பதற்கு அவர் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனாலும் விடவில்லை. விடுமுறை முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், ரேடியோவில் பாட்டு அலறிக்கொண்டிருக்க, பத்துச் சொல்லையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் போனை எடுத்தார். தனக்குப் பிடித்த அந்தச் சவ்வாது வொய்ஸைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று ரேடியோவை நிறுத்தச் சொன்னார். ஒருமுறை கேட்டார். இன்னொருமுறை கேட்டார். மூன்றாம் முறை பாதியிலேயே முகம் மாறியது.

“கவ்வாத்து” என்றார், மெதுவாக. “தலைக்கு கவ்வாத்து.”

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது: தேயிலைச் செடி முற்றிப்போனால் அதைக் கொப்பும் இலையும் இல்லாமல் முட்டி உயரத்துக்கு வெட்டிக் கட்டையாக விட்டுவிடுவார்கள். அதற்குப் பேர்தான் கவ்வாத்து. கொழுந்தின் நிறை குறைந்தவளுக்குப் பாதி நாள் பேர் மட்டும் போடுவது அரைப்பேர். மலையில் பேர் பதிவதென்றால் தோட்ட வேலைக்கு ஆளாகச் சேர்வது. அந்த வீட்டுச் சமையல்காரருக்குத் தமிழ் தெரியும். அக்கா பேசுவதையெல்லாம் கேட்டு வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாத தமிழ் எங்கள் தோட்டத்துத் தமிழ் ஒன்றுதான். அதனால் அக்கா சிரித்துக்கொண்டே அதில் பேசியிருக்கிறாள். என் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், பாதிச் சோறு போடுகிறார்கள், கொழுந்து பறிக்கவாவது வருகிறேன், என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் அந்த நாலு வரிக்குள் இருந்தது.

பெரியப்பா அதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. தான் அனுப்பிய பதில்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். சரிம்மா, ரொம்ப சந்தோசம். சரிம்மா, ரொம்ப சந்தோசம். தன்னுடைய குரல் அவருக்கு நன்றாகவே புரிந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, ஒனக்கு இது மொதல்லயே கேட்டுச்சா?”

“மொத நாளே கேட்டுச்சு பெரியப்பா” என்றேன்.

அடிப்பார் என்று நான் நினைக்கவில்லை, அடிக்கவும் இல்லை. பலகையில் அப்படியே உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒரு ஆம்பிளை அப்படி அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. பிறகு செருப்புக்கூடப் போடாமல், பெரியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்த பீலிக்கு ஓடினார். அங்கிருந்து பெரியம்மா வைத்த ஒப்பாரி லயம் முழுக்கக் கேட்டது.

அக்கா வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் பெரியப்பாவும் கொழும்புக்கு எத்தனையோ தடவை அலைந்து, ஐந்து மாதம் கழித்து அழைத்து வந்தார்கள். முடி காதை மூடுகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. சாப்பாட்டில் முடி கிடந்தது என்று வெட்டினார்களாம். வந்தவள் யாரோடும் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், சோறு போட்டுக்கொண்டே, “சந்தோசம்னு சொன்னீங்களேப்பா. நான் வர்றது ஒங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிட்டேன்” என்றாள். பெரியப்பாவுக்கு அது ஒரு சொல் விடாமல் கேட்டது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

காதில் குறையே இல்லாதவள் நான்தான். இதை யாரும் இதுவரை எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இத்தனை சரியாகச் சொன்ன மனிதர் எதற்காக அழுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. பாடத்தில் இல்லாத சொல், நான் சொல்லிக் கொடுக்காத சொல், தானாகவே பிடித்துவிட்டார். கொப்பியைத் திறந்து, கடைசி வரியில் கவ்வாத்து என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டேன். அதற்குக் கீழே நூற்றுக்கு நூறு என்றும் எழுதினேன். அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, கேட்க வேண்டுமே என்று உரக்கக் கத்தினேன்: “கெட்டிக்காரன் பெரியப்பா!”